பாயின்ட் ஒன் மாப்பிள்ளை

உலகத்தில் விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் சேராமல், விளையாடுவதற்குத் தயாராகிக்கொண்டே ஆயுளைக் கழிக்கிற மூன்றாவது இனம் ஒன்றும் இருக்கிறது. விஞ்ஞானிகள் இதை இன்னும் கவனிக்காததால் பெயர் சூட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் 'செட்டிங்ஸ் செம்மல்' என்று சூட்டியிருக்கிறேன். உங்களுக்கு இதைவிட நல்ல பெயர் தோன்றினால் தாராளமாக எழுதி அனுப்புங்கள். ஆனால் எழுத உட்காருவதற்கு முன் எந்தப் பேனா என்று தேர்ந்தெடுக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வீர்கள்? சரி, அந்தப் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

செம்மலை அடையாளம் காண்பது எளிது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். கை கீபோர்டின் மேல் இருக்காது; அதற்குச் சற்று மேலே, காற்றில், ஆசீர்வாதம் செய்கிற தோரணையில் தொங்கிக்கொண்டிருக்கும். ஏன் என்று கேட்டால், "தொட்டா அடிச்சிரும்" என்பார். எது எதை அடிக்கும்? தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்டவர் யாரும் அந்த அறையிலிருந்து சீக்கிரம் வெளியே வந்ததில்லை.

என் தங்கையின் வீட்டுக்காரர் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். நாளெல்லாம் இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்து, மூக்கின் மேல் ஒரு சட்டத்தை மாட்டி, அதில் ஒவ்வொரு வில்லையாகப் போட்டு எடுத்து, "இது தெளிவா, முன்னாடி தெளிவா?" என்று கேட்டுக் கேட்டு, கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வியை மூட முடியாமல் போய்விட்டவர். தலையணையைத் திருப்பிப் போட்டு, "இது வசதியா, முன்னாடி வசதியா?" என்பார். ஃபேனை ஒரு புள்ளி குறைத்து, "இப்பவா, முன்னாடியா?" என்பார். கல்யாணமான புதிதில் என் தங்கை இதை அன்பு என்று நினைத்திருந்தாள்.

பிறகு காந்த கீபோர்டு வந்தது.

அது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரும் சுருக்கமாகச் சொன்னதில்லை. சாதாரண கீபோர்டில் ஓர் எழுத்தை அமுக்கினால் உள்ளே ஒன்று இன்னொன்றைத் தொடும். தொட்டதும் எழுத்து விழும். காந்த கீபோர்டில் அந்தத் தொடுகையெல்லாம் கிடையாது. ஒவ்வொரு பட்டனின் அடியிலும் பொட்டு மாதிரி ஒரு காந்தம். அந்தக் காந்தம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு அதற்கும் அடியில் ஒரு சென்சார். ஆகவே எவ்வளவு ஆழம் அமுக்கினால் அமுக்கியதாகக் கணக்கு என்பதை நாமே தீர்மானிக்கலாம். முழு ஆழம் நாலு மில்லிமீட்டர். நிதானமான மனிதர் இரண்டில் வைப்பார். அவசரக்காரர் ஒன்றில் வைப்பார். மாப்பிள்ளை பாயின்ட் ஒன்றில் வைத்தார். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு அமுக்குவது என்று பெயர் சொல்ல முடியாது. அமுக்கலாமா என்று யோசிப்பது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அவருடைய விளையாட்டுக் கூட்டாளிகள், ஹெட்போனுக்குள்ளே மட்டும் வசிக்கிற நாலு பேர், அவருக்குப் 'பாயின்ட் ஒன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. ஓட வேண்டும், ஒளிய வேண்டும், சட்டென்று நிற்க வேண்டும், சுட வேண்டும். மாப்பிள்ளை இதில் முதல் மூன்றையும் நான்காவதையும் விட்டுவிட்டு மீதியைச் செய்வார்.

"பாயின்ட் ஒன்னு, எங்கேப்பா இருக்கே?"

"வந்துக்கிட்டே இருக்கேன். A பட்டனை மட்டும் பாயின்ட் ஒன் ஃபைவ்ல வச்சுப் பாத்துடறேன்."

"சண்டை ஆரம்பிச்சாச்சுப்பா!"

"நீங்க ஆடுங்க. ஒரு நிமிஷம்."

அந்த ஒரு நிமிஷத்துக்குள் எதிரி வருவான், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கும் மாப்பிள்ளையைச் சாவகாசமாகச் சுடுவான், விழுந்த உடம்பின் மேல் ஏறி இரண்டு குதி குதித்துவிட்டும் போவான். அப்போது மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். துக்கமா? பரமானந்தம்! "பாத்தீங்களா, D பட்டன் லேட்டாத் திரும்புது. நான் சந்தேகப்பட்டது சரியாப் போச்சு" என்று தொடையில் தட்டிக்கொள்வார். செம்மல்கள் தோற்பதே இல்லை. தோற்பதெல்லாம் பட்டன்கள்தான்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நடுவில் என் தங்கைக்கு ஒரு பரீட்சை வந்தது.

தங்கை, வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தண்ணீர் வடியவில்லை, சட்டை கிழிந்தது, மெஷின் நடந்து வாசலுக்கு வந்துவிட்டது என்று கத்துகிறவர்களிடமெல்லாம் "புரியுதுங்க" சொல்லிச் சொல்லி, வீட்டில் குக்கர் விசிலடித்தால்கூட "புரியுதுங்க" என்று வாய் தானாகச் சொல்லும் நிலைமைக்கு வந்திருந்தாள். அவளுக்கு ஒரு வேலை தட்டுப்பட்டது. செய்தி வாசிக்க வாசிக்க, காது கேளாதவர்கள் படிப்பதற்காக அதைத் திரையின் அடியில் எழுத்தாக ஓடவிடுகிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். யாரும் கத்த மாட்டார்கள். அவளுடைய தட்டச்சு வேகமோ அடைமழை. மற்றதெல்லாம் தேறிவிட்டாள், பாக்கி ஒரு டைப்பிங் டெஸ்டு. ஒரே வாய்ப்பு. தவறினால் வாஷிங் மெஷின், ஆயுள் முழுக்க.

முந்தின நாள் எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, நாளைக்குக் காலையிலே வந்துடு."

"தைரியம் சொல்லவா?"

"அதெல்லாம் எனக்கு இருக்கு. அவரைப் பிடிச்சு வச்சுக்க."

போனேன். ஆனால் பிடிக்கவேண்டிய கட்டம் தாண்டிவிட்டிருந்தது. மேஜை மேல் என் தங்கையின் கீபோர்டு, ஆபரேஷன் நடுவில் டாக்டர் டீ குடிக்கப் போன நோயாளி மாதிரி, வாய் பிளந்து கிடந்தது.

"என்ன மாப்ளே இது?"

"மச்சான், இவ கீபோர்டுச் சத்தம் கேட்டிருக்கீங்களா? தகரத்து மேலே ஆலங்கட்டி விழற மாதிரி. டெஸ்டுக்கு அமைதியா இருக்கட்டுமேன்னு எண்ணெய் போடப் பிரிச்சேன்."

"பிரிச்சு?"

"இந்த எண்ணெய் நல்லதா, அந்த எண்ணெய் நல்லதான்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

கழற்றிய திருகாணிகள் அவர் கையிலிருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் இருந்தன. மெக்கானிக்குகள் வைத்திருப்பார்களே, திருகாணி உருண்டோடாமல் இருக்க அடியில் காந்தம் பதித்த கிண்ணம், அந்த ரகம். எப்போதோ ஒரு திருகாணி சோபாவுக்கு அடியில் ஓடி மறைந்த துயரச் சம்பவத்துக்குப் பிறகு, வேலை முடிகிற வரைக்கும் அந்தக் கிண்ணத்தை அவர் பிரிவதில்லை. அவர் எழுந்தால் கிண்ணமும் எழும். அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் அதுவும் உட்காரும்.

தங்கை தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். பார்த்தாள். கத்தவில்லை, அவளுக்குத் தொழில் அது.

"புரியுதுங்க. இப்ப நான் எதுலே அடிக்கிறது?"

"என்னோடது இருக்கே!" என்றார் மாப்பிள்ளை, ராஜ்யத்தில் பாதியைத் தூக்கிக் கொடுக்கிற குரலில். நான் ஒருமுறை பேப்பரை மடித்து அந்தக் கீபோர்டு மேல் வைத்ததற்கு என்னோடு பேசாமல் இருந்த மனிதர். அன்பு இல்லை என்று யார் சொன்னது?

தங்கை உட்கார்ந்து 'வணக்கம்' என்று அடித்தாள். திரையில் 'வவவணணக்ககககம்ம்ம்' என்று வந்தது.

"கொஞ்சம் மூச்சை அடக்கிக்கிட்டு அடிச்சுப் பாரு."

"எவ்வளவு நேரத்துக்குங்க?"

"டெஸ்டு எவ்வளவு நேரம்?"

தங்கை அவரைப் பார்த்தாள். "எல்லா எழுத்தையும் ரெண்டுலே வைங்க."

ரெண்டு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கு! பந்தயக் குதிரை மேல் சிமென்ட் மூட்டை ஏற்றச் சொன்னால் குதிரைக்காரன் முகம் அப்படித்தான் போகும். பிறகு காய்கறிக் கடையில் நடப்பதெல்லாம் அங்கே நடந்தது. அவர் பாயின்ட் ஃபைவ் என்றார். அவள் ரெண்டு என்றாள். அவர் ஒன் பாயின்ட் டூ, உன் முகத்துக்காக, என்றார். அவள் ரெண்டு என்றாள். அவர் ஒன் பாயின்ட் எய்ட், இதுக்கு மேலே கட்டுப்படியாகாது, என்றார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ரெண்டுக்குப் படிந்தது.

ஆனால் ஒரே ஒரு பட்டனை மட்டும் அவர் சொல்லாமல் கொள்ளாமல் பாயின்ட் ஒன்றிலேயே விட்டுவைத்தார். அழிக்கிற பட்டன். வலது மூலையில் இருக்குமே, அது. என் காதருகே வந்து, "தப்பு வந்தா டக்குனு அழிக்க வேணாமா மச்சான்? அவளுக்கு ஒரு சின்ன சர்ப்ரைஸ்" என்றார்.

சர்ப்ரைஸ் வந்தது.

திரையில் பரீட்சை எடுக்கும் அம்மாள் தோன்றினார். மூக்குக் கண்ணாடி, கனிவான குரல். "முதல்லே ஒரு ஒத்திகைம்மா. அப்புறம் கொஞ்சம் இடைவெளி. அப்புறம் நிஜ டெஸ்டு. நான் வாசிக்கிறதை அப்படியே அடிச்சுக்கிட்டு வாங்க. இங்கே எனக்கு எல்லாம் தெரியும்."

"மாப்ளே, வாங்க, வெளியே போய் ஒரு டீ சாப்பிடலாம்" என்று என் கடமையை நான் செய்து பார்த்தேன்.

"பக்கத்துலே நான் இருந்தாத்தான் மச்சான் அவளுக்குத் தெம்பு" என்றபடி அவர் நாற்காலியைத் தங்கையின் வலப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மடியில் அவளுடைய கீபோர்டின் சடலத்தைக் கிடத்தி, கிண்ணத்தைக் காந்த கீபோர்டின் வலது மூலையை ஒட்டி வைத்தார். எங்கே என்று நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று பேரும் அப்போது பார்க்கவில்லை.

அம்மாள் வானிலை அறிக்கை வாசித்தார். கடலோரப் பகுதிகளில் பலத்த காற்று வீசக்கூடும் என்றார். தங்கை அடித்தாள். 'கடலோரப் பகுதிகளில் பலத்த காற்று' என்று திரையில் ஓடியது, நின்றது, பிறகு யாரோ வாலிலிருந்து தின்னத் தொடங்கியது போல் 'கடலோரப் பகுதிகளில் பல' என்றாகி, 'கடலோரப்' என்று சுருங்கி, 'கட' என்று நின்று, அதுவும் போயிற்று. வெள்ளைத் திரை.

"காத்து எங்கேம்மா போச்சு?" என்றார் அம்மாள்.

"அடிச்சேங்க. அழிஞ்சிடுச்சு."

"பரவாயில்லே, ஒத்திகைதானே. கடலோரத்துலேருந்து மறுபடி ஆரம்பிங்க."

மறுபடியும் கடலோரம், மறுபடியும் காற்று, மறுபடியும் வெள்ளைத் திரை. அன்றைக்கு அந்தக் கடற்கரையில் எதுவுமே மிஞ்சவில்லை. "தன்னம்பிக்கை வேணும்மா. எழுதினதை எல்லாம் இப்படியா சந்தேகப்படறது?" என்று அம்மாள் அறிவுரை சொல்லிவிட்டு, இடைவெளி விட்டுவிட்டு, திரையிலிருந்து மறைந்தார்.

தங்கை கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "போச்சு. திங்கட்கிழமை மறுபடியும் வாஷிங் மெஷின்தான்." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது.

மாப்பிள்ளைக்கு? கண்களில் ஜோதி! ஒரு பழுது, அதுவும் காரணம் தெரியாத பழுது, அதுவும் தன் சொந்த மேஜையில்! "இருங்க, சின்ன ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வர்றேன்" என்று எழுந்தார். கிண்ணமும் எழுந்தது. அவர் அலமாரிப் பக்கம் போனதும் தங்கை ஏதோ ஒன்றை அடித்துப் பார்த்தாள். எழுத்து நின்றது. அழியவில்லை. அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். அழிந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் மாப்பிள்ளை. இந்த முறை அந்தச் சொல்லில் ஒரு நடுக்கம் இருந்தது. கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். நாலடி பின்னால் போய் நின்றார். "இப்ப?"

"வருது" என்றாள் தங்கை.

இரண்டடி முன்னால் வந்தார். "இப்ப?"

"வருது."

மேஜையை ஒட்டி நின்று, மூலைப் பக்கமாகக் குனிந்தார். "இப்பவா, முன்னாடியா?"

"முன்னாடி! முன்னாடி! இப்ப அழியுதுங்க!"

மாப்பிள்ளை நிமிர்ந்தார். ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, பெரிய வைத்தியர்கள் நோயின் பெயரைச் சொல்வதற்கு முன் விடுவார்களே, அப்படி ஒரு பெருமூச்சு விட்டார்.

"மச்சான், நான்தான்."

"என்ன நான்தான்?"

"காரணம். என் உடம்பு. பாயின்ட் ஒன்லே வச்சு வச்சு அது என் நாடித் துடிப்பைப் படிக்க ஆரம்பிச்சிடுச்சு. நான் பக்கத்துலே போனாலே அதுக்குத் தெரியுது." அவர் குரல் தழுதழுத்தது. "இவ்வளவு நாளா எனக்கே தெரியலே பாருங்க."

நான் வாயைத் திறந்தேன். தங்கை என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன். அவள் கணவரின் பக்கம் திரும்பி, உலகத்து மரியாதையையெல்லாம் திரட்டி, "அப்படின்னா நீங்க வெளியிலே நின்னாத்தாங்க எனக்கு வேலை கிடைக்கும்" என்றாள்.

"வாசல்லே நிக்கட்டுமா?"

"இன்னும் தள்ளி."

"மாடிப்படியிலே?"

"ஒரு மாடி இறங்கிடுங்க. அண்ணா, நீயும் கூடப் போ. அவர் தனியா இருக்க வேணாம்."

அவர் போனார். எப்படிப் போனார் என்கிறீர்கள்! சாமான்ய மனிதன் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டால் தலை குனிந்து போவான். செம்மல் தலை நிமிர்ந்து, கிண்ணம் ஏந்தி, தம்மைத் தாமே அபாயம் என்று அறிந்துகொண்டவரின் கம்பீரத்தோடு, கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் இறங்கினார். கம்பியின் நன்மைக்காக.

கீழ் வீட்டு அம்மாள் நாயோடு மேலே வந்தார். "என்ன, இங்கே நிக்கிறீங்க?"

"உள்ளே இருந்தா ஆபத்துங்க."

"யாருக்கு?"

"எழுத்துக்கு."

நாயை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு அந்த அம்மாள் வேகமாகப் போய்விட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சந்தேகம் எழுந்திருந்தது. பாக்கெட்டிலிருந்து என் வீட்டுச் சாவியை எடுத்து, விளையாட்டாகச் சுழற்றுவது போல் அவர் பக்கம் கொண்டுபோனேன். டக்! சாவி என் விரலைவிட்டுத் தாவிப் போய்க் கிண்ணத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு ஊசலாடியது. இருவரும் அதைப் பார்த்தோம்.

"பாத்தீங்களா மச்சான்!" என்றார், கண்கள் பனிக்க. "சாவியே என்கிட்டே வருது!"

"மாப்ளே, அந்தக் கிண்ணத்துலே காந்தம் இருக்கில்லே?"

"இருக்கு. ஆனா அது திருகாணி பிடிக்கிற சின்னக் காந்தம். சாவியை இவ்வளவு வேகமா இழுக்கணும்னா..." என்று நிறுத்திவிட்டு, அடக்கமாகத் தரையைப் பார்த்தார்.

இதற்கு மேல் ஒருவருக்கு என்ன சொல்ல முடியும்? மாடியிலிருந்து மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நிற்காத, தயங்காத, ஒரே சீரான அடைமழை. கடலோரமும் காற்றும் அலையும் மீனவர்களுக்கான எச்சரிக்கையும் ஓர் எழுத்துக் குறையாமல் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. பிறகு கதவு திறந்தது. தங்கை படிக்கட்டின் மேல் நின்று, சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள்.

"கிடைச்சிடுச்சு! அந்த அம்மா என்னைத் தன்னம்பிக்கை வந்துடுச்சேன்னு பாராட்டினாங்க!"

மாப்பிள்ளை இந்தக் கண்டுபிடிப்பை ஊரெல்லாம் சொன்னார். கடையில் கண் பரிசோதிக்க வந்தவர்களிடம், "வாட்ச் கட்டியிருந்தா கழட்டி வச்சிடுங்க, நான் பக்கத்துலே வர்றேன்" என்கிறாராம். ஹெட்போன் கூட்டாளிகளிடமும் சொன்னார். அவர்கள், "அப்படின்னா நீ எதிரி டீம்லே போய்ச் சேந்துக்க, பாயின்ட் ஒன்னு" என்றார்களாம். அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் போனபோது தங்கை செய்திக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அறை அமைதியாக இருந்தது. மாப்பிள்ளை பால்கனியில் கிண்ணத்தோடு உட்கார்ந்து அவளுடைய பழைய கீபோர்டுக்கு எந்த எண்ணெய் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி இடைவேளையில் நான் மெதுவாகக் கேட்டேன்.

"அழிக்கிற பட்டனை ஏமாத்தினது கிண்ணத்துக் காந்தம்தான்னு உனக்குத் தெரியாதா?"

"மூணாவது 'இப்ப'லேயே தெரிஞ்சிடுச்சு அண்ணா."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

அவள் பால்கனிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அதில் பிரியம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"சொல்லியிருந்தா கிண்ணம் மட்டும்தானே அண்ணா வெளியே போயிருக்கும்?"

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில்தான் அன்றைக்கு மாடிப்படியில் நின்றவர்கள் இரண்டு பேர் என்பது உறைத்தது. அவர் கையிலாவது ஒரு கிண்ணம் இருந்தது.

இவ்வளவு நேரம் நீங்களும் சிரித்தீர்கள். மகிழ்ச்சி. இப்போது அந்தப் பேனா விஷயத்துக்கு வருவோம். பேனா என்ன, கத்தியோ, காரின் சீட்டோ, இதைப் படிக்க உட்காருவதற்கு முன் நீங்கள் நகர்த்தி நகர்த்தி வைத்த நாற்காலியோ, எதுவானாலும் சரி. உங்கள் வீட்டில் ஏதாவது முக்கியமான காரியம் நடக்கும்போது, "நீங்க பக்கத்துலே இருந்தா எனக்குக் கையே ஓடலே, கொஞ்சம் அப்படி நில்லுங்களேன்" என்று யாராவது மரியாதையாகச் சொல்லி, நீங்களும் உள்ளூர ஒரு பெருமையோடு போய் நின்றதுண்டா? அடுத்த முறை நிற்கும்போது தயவுசெய்து ஒருதரம் குனிந்து, கையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பார்த்தபின் அதை உள்ளே கொண்டுபோய்ச் சரிசெய்யலாம் என்று தோன்றும். வேண்டாம். உள்ளே வேலை நன்றாக நடந்துகொண்டிருக்கிறது.